கேளுங்கள், சொல்கிறேன்: இந்த மாதம் உதய்பூர்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, "நான் பதினான்கு வருஷம் உதய்பூரில் குடியிருந்தவள்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த வரிக்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கத்தை நிரப்பிவிட்டன. ஊறுகாய் பூசணம் பிடிப்பது, மாமியார் பேசாமல் இருப்பது எல்லாம் அடுத்த மாதம்.

முதலில் என் விவரம். என் கணவருக்கு அங்கே, ராஜஸ்தான் பக்கம், துத்தநாகச் சுரங்கத்தில் வேலை. நான் செங்கல்பட்டுப் பக்கம் ஏரிக்கரையில் பிறந்தவள். அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர், மதகு திறந்து மூடுகிற வேலை. அதனால் நீங்கள் அரண்மனையைக் கேட்டாலும் நான் சுற்றி வளைத்து ஏரியில் கொண்டுபோய் விடுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 68 வயது, மனைவிக்கு 65. அவளுக்கு முழங்கால் வலி. டூர் கம்பெனியில் இரண்டு நாளில் பதினோரு இடம் என்று பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். முடியுமா? (திருச்சி வாசகர்)

முடியும். பதினோரு இடத்திலும் வண்டி நிறுத்துமிடத்தை நன்றாகப் பார்த்துவிட்டு வரலாம். என்னைக் கேட்டால் மூன்று இரவு தங்குங்கள், பட்டியலில் பாதியை அடித்துவிடுங்கள்.

அடிக்கக் கூடாதது நகர அரண்மனை. பிச்சோலா ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கிறது. 1559-இல் இந்த வட்டாரத்தை ஆண்ட மேவார் ராஜ்யத்தின் ராணா, அதாவது அரசர், இரண்டாம் உதய்சிங் ஆரம்பித்ததை, பின்னால் வந்த ராணாக்கள் ஏறக்குறைய நானூறு வருஷம் சேர்த்துச் சேர்த்துக் கட்டினார்கள். அதனால் ஒரே கட்டடம் மாதிரித் தெரிந்தாலும் உள்ளே போனால் ஒன்றுக்குள் ஒன்றாகப் பல அரண்மனைகள். வேட்டைக்கு வந்த உதய்சிங் ஏரிக்கரைக் குன்றில் ஒரு சாமியாரைக் கண்டார், "இங்கேயே கட்டு" என்று அவர் ஆசீர்வதித்தார் என்பது ஊர்க்கதை. அந்தச் சாமியார் தீ வளர்த்து உட்கார்ந்த துனியின் இடம் அரண்மனைக்குள்ளேயே இருக்கிறது. ஒன்பது வருஷத்தில், 1568-இல், பழைய தலைநகரான சித்தோர் அக்பரிடம் விழுந்தது. உதய்சிங் கட்டிவைத்த ஊர் அப்போதுதான் கைகொடுத்தது.

இப்போது முழங்கால். படிகள் குறுகல், சில வாசல்களில் குனிந்துதான் போக வேண்டும். எதிரி கூட்டமாகப் பாய்ந்து வரக்கூடாது என்று அப்படிக் கட்டியிருக்கிறார்கள். இன்று அந்தப் பாதை ஒருவழி. உள்ளே நுழைந்துவிட்டால் பின்னால் வருகிற கூட்டம் தள்ளிக்கொண்டே போகும், பாதியில் திரும்புவது கஷ்டம். ஆகவே காலையில் திறந்ததும் முதல் ஆளாகப் போங்கள். அம்மாவால் முடியாவிட்டால் முன்முற்றமான மாணக் சௌக்கில் உட்காரட்டும். அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தாலே அந்தச் சுவரின் பிரம்மாண்டம் தெரியும்.

ஏற முடிந்தவர்கள் மூன்று இடத்தில் நிற்க வேண்டும். முதலாவது மோர் சௌக். சுவரில் கண்ணாடித் துண்டுகளால் மூன்று மயில்கள்: வெயிலுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று. இரண்டாவது, படி ஏறி ஏறி மூச்சு வாங்கி நிற்கிற மேல்மாடியில் திடீரென்று மரங்களோடு ஒரு தோட்டம். மாடியில் எப்படி மரம் என்று எல்லோரும் வாய் பிளப்பார்கள். அது மாடியே இல்லை, குன்றின் உச்சி. குன்றை வெட்டாமல் அதைச் சுற்றியே அரண்மனையைக் கட்டியிருக்கிறார்கள்.

மூன்றாவது கிருஷ்ண விலாஸ். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன ஓவியங்கள். கிருஷ்ண குமாரி என்ற பதினாறு வயது இளவரசியின் பெயரால் அந்த அறை. அவளைக் கட்டிக்கொள்ள ஜெய்ப்பூரும் ஜோத்பூரும் சண்டை போட்டன. யாருக்குக் கொடுத்தாலும் மற்றவன் மேவாரைச் சூறையாடுவான். 1810-இல் பிரச்சினையை முடிக்க அந்தப் பெண்ணுக்கு விஷம் கொடுத்தார்கள். வழிகாட்டிகள் இதை 'தியாகம்' என்று சொல்வார்கள். பெண்ணைப் பெற்ற எனக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

கேள்வி: சென்னையிலிருந்து எப்படிப் போவது? எந்த மாதம் நல்லது? (அம்பத்தூர் வாசகி)

விமானம் என்றால் பெரும்பாலும் மும்பையிலோ தில்லியிலோ மாற வேண்டியிருக்கும். விமான நிலையம் ஊருக்கு வெளியே தபோக்கில், சுமார் 22 கிலோமீட்டர். ரயில் என்றால் நவஜீவன் எக்ஸ்பிரஸில் அகமதாபாத், அங்கே அசார்வா நிலையத்திலிருந்து உதய்பூர். அந்தப் பாதை மீட்டர் கேஜாகக் கிடந்தது, அகலப்பாதையாகி 2022-இல்தான் திறந்தார்கள். அசார்வா வேறு நிலையம், ஆட்டோ பிடித்துப் போக வேண்டும். பெங்களூருப் பக்கம் இருக்கிறவர்களுக்கு மைசூரிலிருந்து உதய்பூருக்கு நேர் ரயில் உண்டு.

மாதம்? செப்டம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை. டிசம்பரில் ஸ்வெட்டர் இல்லாமல் போய்விட்டு என்னைத் திட்டாதீர்கள்.

கேள்வி: ஆன்ட்டி, தண்ணீருக்கு நடுவில் எப்படி அரண்மனை கட்டினார்கள்? மழை வந்தால் மூழ்காதா? (காரைக்குடி, எட்டாம் வகுப்பு மாணவன்)

சபாஷ் தம்பி. பெரியவர்கள் யாரும் இதைக் கேட்கவில்லை, எல்லோரும் ஹோட்டல் வாடகையைத்தான் கேட்கிறார்கள்.

முதலில் ஏரி எப்படி வந்தது என்று பார். 14-ஆம் நூற்றாண்டில் தானிய மூட்டைகளை மாட்டின் மேல் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற பஞ்சாரா வியாபாரி ஒருவர் ஓடைக்குக் குறுக்கே அணை போட்டார் என்று சொல்கிறார்கள். பக்கத்தில் இருந்த பிச்சோலி என்ற கிராமத்தின் பெயரே ஏரிக்கும் வந்தது. பிறகு உதய்சிங் கரையைக் கல்லால் பலப்படுத்தி உயர்த்தினார், தண்ணீர் பரவியது. முன்பு மேடாக இருந்த பாறைகள் தண்ணீருக்கு நடுவே தீவாக நின்றன. அந்தப் பாறைமேல்தான் அரண்மனை. தண்ணீரில் மிதக்கவில்லை, கல்லில் உட்கார்ந்திருக்கிறது.

மூழ்காததற்குக் காரணம் கலங்கல். உங்கள் ஊர்க் கண்மாயில் ஓர் ஓரத்தில் கரை கொஞ்சம் தாழ்வாக, கல் பாவி இருக்குமே, மறுகால் பாய்கிற இடம்? அதே வேலைதான். தண்ணீர் அளவுக்கு மேல் ஏறினால் அடுத்த ஏரிக்கு ஓடிவிடும்.

தீவு அரண்மனை இரண்டு. முதலில் வந்தது ஜக் மந்திர். கட்டிக்கொண்டிருந்த காலத்தில், 1623 வாக்கில், தன் அப்பா ஜஹாங்கீரை எதிர்த்துக் கலகம் செய்த இளவரசர் குர்ரம் இங்கே வந்து ஒளிந்தார். அவர்தான் பின்னால் ஷாஜஹான். வேடிக்கை என்னவென்றால், ஒன்பது பத்து வருஷத்துக்கு முன்னால் மேவாரைப் பணியவைத்த படைக்குத் தலைமை தாங்கியவரே அவர்தான். தோற்றவர்கள் வீட்டிலேயே அடைக்கலம்! இந்தக் கும்மட்டத்தைப் பார்த்துத்தான் தாஜ்மகால் கட்டினார் என்று படகோட்டிகள் சொல்வார்கள். கேட்டுக்கொள், பரீட்சையில் எழுதாதே.

இரண்டாவது ஜக் நிவாஸ், 1746-இல் முடிந்தது. இளவரசர் ஜகத் சிங், நிலா வெளிச்சத்தில் ஜக் மந்திரில் கும்மாளம் போட அப்பாவிடம் அனுமதி கேட்டாராம். "வேண்டுமானால் உனக்கென்று ஒன்று கட்டிக்கொள்" என்றாராம் அப்பா. கட்டிக்கொண்டார். உன் அப்பாவிடம் இதை முயற்சி செய்ய வேண்டாம்.

இன்னொன்று. ஃபதே சாகர் ஏரிக்குள் ஒரு சின்னத் தீவில் வெள்ளைக் குமிழ் தெரியும். அது சூரியனைப் படம் பிடிக்கிற ஆய்வகம், 1975-இல் தொடங்கியது. ஏன் ஏரிக்குள்? வெயிலில் தரை சூடாகி, மேலே இருக்கும் காற்று நெளியும், தார் ரோட்டில் கானல் தெரிவது போல. படம் கலங்கிவிடும். சுற்றிலும் தண்ணீர் இருந்தால் அந்த நெளிவு குறைவு. நான் பத்து வருஷம் அதைத் தண்ணீர்த் தொட்டி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேள்வி: அந்தத் தீவு ஹோட்டலை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரலாமா? (பெயர் வேண்டாம் என்ற வாசகி)

ஜக் நிவாஸ் 1963-லிருந்து ஹோட்டல். அங்கே தங்குகிறவர்கள்தான் போகலாம், வேடிக்கை பார்க்க விடமாட்டார்கள். ஜக் மந்திருக்குப் படகில் போய் இறங்கலாம். படகுத்துறையில் கல் யானைகள் வரிசையாக நின்று வரவேற்கும். எனக்கு அதுவே போதும்.

கேள்வி: போன ஜூனில் குடும்பத்தோடு போனோம். ஏரி பாதிக்கு மேல் காய்ந்து, ஓரத்தில் பாசி நாற்றம். 'ஏரிகளின் நகரம்' என்பது வெறும் விளம்பரமா? (கோயம்புத்தூர் வாசகர்)

ஜூனில் போனது உங்கள் தப்பு. நாற்றத்துக்கு ஊர்தான் பொறுப்பு. கரையை ஒட்டி விடுதிகள் முளைத்தன, கழிவுநீர் ஏரிக்குப் போனது. பல வருஷம் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன்.

ஆனால் காய்வது வேறு விஷயம். உதய்பூருக்கு வருஷத்துக்குச் சுமார் 60 சென்டிமீட்டர் மழைதான். சென்னையில் பெய்வதில் பாதிகூட இல்லை. அதுவும் ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் கொட்டி முடித்துவிடும். வற்றாத ஆறு பக்கத்தில் கிடையாது. வருகிற மூன்று மாதத் தண்ணீரை மலை இடுக்குகளில் மறித்துப் பிடித்து வருஷம் முழுக்க வைத்துக்கொள்ள வேண்டும். அப்படித்தான் இத்தனை ஏரிகள். நீங்கள் பார்த்த எதுவும் இயற்கையாக அமைந்தது அல்ல, எல்லாம் மனிதர்கள் கரை போட்டுக் கட்டியவை. நம்முடைய மதுராந்தகம், வீராணம் எல்லாம் எந்தச் சாதியோ, இவையும் அதே சாதி.

சங்கிலி எப்படிப் போகிறது பாருங்கள். மேற்கே மலையிலிருந்து சிசார்மா ஆறு ஓடி வந்து பிச்சோலாவில் விழும். பிச்சோலா, ரங் சாகர், ஸ்வரூப் சாகர் மூன்றும் உள்ளுக்குள் சேர்ந்தவை. ஸ்வரூப் சாகரிலிருந்து ஒரு கால்வாய் ஃபதே சாகருக்கு. மிச்சத் தண்ணீர் ஆயட் ஆற்றில் இறங்கி, ஊரைக் கடந்து உதய் சாகருக்குப் போகும். அரண்மனை கட்டிய அதே உதய்சிங் கட்டிய ஏரிதான் அது. அங்கிருந்து பேடச் என்ற பெயரில் சித்தோர் வழியாகப் பனாஸ் ஆறு, பிறகு சம்பல், யமுனை, கங்கை. அந்த ஊருக்குக் கிட்டே இருக்கிற கடல் அரபிக்கடல், ஆனால் அந்த ஊர்த் தண்ணீர் போய்ச் சேர்வது நம்முடைய வங்கக்கடல்! கணவரிடம் இதை நான் சொன்னபோது, "மழைத்தண்ணீரும் லீவுக்கு ஊருக்குப் போகிறதாக்கும்" என்றார்.

மழைக்காலத்தில் உள்ளூர்ப் பத்திரிகைகள் ஏரி மட்டத்தைக் கிரிக்கெட் ஸ்கோர் போல அச்சடிக்கும். பிச்சோலாவுக்கு முழு அளவு 11 அடி, ஃபதே சாகருக்கு 13. காய்கறிக்காரர் விலை சொல்வதற்கு முன்னால் "இன்னும் ஒன்றரை அடி" என்பார். சிசார்மா வந்துவிட்டது என்றால் பாதி ஊர் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்ப் பாலத்தில் நிற்கும். 2000-களின் தொடக்கத்தில் மழை பொய்த்து ஏரி வறண்டபோது தீவு அரண்மனை வரை நடந்தே போனார்கள். பையன்கள் ஏரிக்குள் பந்து விளையாடினார்கள். வேடிக்கையாக இருந்தது என்று சொல்ல முடியவில்லை. பெரியவர்கள் யாரும் ஏரிப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் போனார்கள்.

சஹேலியோன் கி பாடி தோட்டத்தையும் ஊற்றுகளுக்காகப் பார்த்திருப்பீர்கள். இரண்டாம் சங்கிராம் சிங் அந்தப்புரப் பெண்களுக்காகக் கட்டியது. வழிகாட்டி கை தட்டினால் ஊற்று பீறிடும், குழந்தைகள் நம்பிவிடுவார்கள். அங்கே ஓர் ஆள் வால்வைத் திருப்புகிறார், அவ்வளவுதான். அதைவிட ஆச்சரியம், ஏரி மேட்டில், தோட்டம் பள்ளத்தில். மோட்டார் இல்லாத காலத்திலேயே அந்த உயர வித்தியாசத்தை வைத்து ஊற்று விட்டிருக்கிறார்கள்.

அடுத்த தடவை செப்டம்பரில் போங்கள். ஆத்திரம் தீர்ந்துவிடும்.

கேள்வி: ஜக்தீஷ் கோவில் பெருமாள் கோவில்தானே? நம் ஊர் மாதிரி துளசி, தீர்த்தம், சடாரி உண்டா? (கும்பகோணம் வாசகி)

பெருமாள்தான். கறுப்புக் கல்லில் நான்கு கைகளோடு ஜகந்நாதர். எதிரே பித்தளைக் கருடன், அழகன். முதலாம் ஜகத் சிங் 1651-இல் கட்டி முடித்த கோவில். மூலையில் பிள்ளையார், சூரியன், அம்பாள், சிவனுக்குச் சின்னச் சன்னதிகள். சடாரி கிடையாது, எதிர்பார்த்துத் தலையைக் குனிந்து நிற்காதீர்கள். நான் முதல் நாள் நின்றேன். அர்ச்சகர் ஏதோ தலைசுற்றல் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டு வந்தார்.

நம் கண்ணுக்குக் கோபுரம் இல்லாதது முதலில் குறையாகத் தெரியும். அங்கே உயரமெல்லாம் கருவறைக்கு மேலே சிகரத்தில். முப்பத்திரண்டு படி ஏறித்தான் வாசல், படிகள் செங்குத்து. அடிவரிசையில் யானை, அதற்கு மேல் குதிரை, மனிதர்கள், நாட்டியப் பெண்கள் என்று சுவர் அடுக்கடுக்காகப் போகும். சில சிற்பங்களுக்கு முகம் இருக்காது. 1680-இல் முகலாயப் படை ஊருக்குள் வந்தபோது சிதைத்தது.

சாயங்காலம் போங்கள். உள்ளூர்ப் பெண்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து டோலக் தட்டிப் பஜனை பாடுவார்கள். நகர்ந்து இடம் விடுவார்கள். எனக்கு மேவாரிப் பேச்சு வந்தது அந்தத் தரையில்தான், வகுப்பில் அல்ல.

கேள்வி: ஏக்லிங்ஜி, நாத்துவாரா இரண்டையும் ஒரே நாளில் சேவிக்கலாமா? (மதுரை வாசகர்)

ஒரே சாலையில்தான் இருக்கின்றன. வடக்கே சுமார் 22 கிலோமீட்டரில் ஏக்லிங்ஜி, 48-இல் நாத்துவாரா. ஆனால் நடை திறப்பைப் பார்க்காமல் போனால் இரண்டு பூட்டிய கதவைச் சேவித்துவிட்டு வரலாம். இரண்டு கோவிலிலும் நம் ஊர் போலத் தொடர்ந்து திறந்து வைப்பதில்லை. முதல் நாளே விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏக்லிங்ஜி நான்கு முகச் சிவலிங்கம். மேவாரின் அரசர் அவர்தான், ராணாக்கள் தங்களை அவருடைய திவான் என்றே சொல்லிக்கொண்டார்கள். பத்மநாபதாசர் என்று திருவிதாங்கூர் ராஜாக்கள் சொல்லிக்கொண்டார்களே, அதே மாதிரி. தோல் பெல்ட்டோடு விடமாட்டார்கள், படமெடுக்கக் கூடாது. பக்கத்திலேயே நாக்தாவில் மாமியார்–மருமகள் கோவில் என்று இரண்டு. 'சஹஸ்ரபாஹு', அதாவது ஆயிரம் கைகொண்ட விஷ்ணுவின் பெயர், வாயில் தேய்ந்து 'சாஸ்–பஹு' ஆகிவிட்டது என்கிறார்கள். மாமியார் கோவில்தான் பெரிது, சொல்லவே வேண்டாம். பூஜை இல்லை, கூட்டமும் இல்லை, தோரணத்துச் சிற்பவேலை மட்டும் இருக்கிறது. உங்கள் டிரைவர் "அங்கே ஒன்றுமில்லை" என்பார். விடாதீர்கள்.

நாத்துவாராவில் ஸ்ரீநாத்ஜி. கோவர்த்தனத்திலிருந்து அவுரங்கசீப் காலத்தில் மாட்டு வண்டியில் புறப்பட்ட விக்கிரகம். இந்த இடத்தில் சக்கரம் புதைந்து நகரவில்லையாம். 1672-இல் இங்கேயே குடியேறிவிட்டார். குழந்தைக் கண்ணன் என்பதால் எழுப்புவது, அலங்காரம், மாடு மேய்க்கப் போவது, சாப்பாடு, தூக்கம் என்று ஒரு நாளைக்கு எட்டு தரிசனம், ஒவ்வொன்றும் கொஞ்ச நேரம்தான். திரை விலகும்போது வருகிற தள்ளு முள்ளுக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். என் வளையல் இரண்டு அங்கே போயிற்று.

நேரமிருந்தால் இன்னும் கொஞ்சம் வடக்கே ராஜ்சமந்த். 17-ஆம் நூற்றாண்டில் பஞ்சம் வந்தபோது ஜனங்களுக்கு வேலை கொடுக்க ராஜ்சிங் கட்டிய ஏரி. கரையில் வெள்ளைக் கல் மண்டபங்கள், அங்கே 25 கற்பலகைகளில் சமஸ்கிருதக் கல்வெட்டு. ஒரு காவியத்தையே கரையில் வெட்டி வைத்துவிட்டார்கள். நம் ஊர் வீடுகளில் பதிக்கிற வெள்ளை மார்பிளில் கொஞ்சம் இந்த வட்டாரத்துச் சுரங்கங்களிலிருந்து வருவதுதான்.

கேள்வி: தயிர் சாதம் கிடைக்குமா? (திருநெல்வேலி வாசகர்)

தயிரும் கிடைக்கும், சாதமும் கிடைக்கும். இரண்டையும் நீங்கள் பிசைவதைப் பக்கத்து மேஜைக்காரர் பார்த்துக்கொண்டே இருப்பார். அதற்குப் பதிலாக தால் பாட்டி சாப்பிடுங்கள். "இன்றைக்குப் பாட்டியை உடைத்து நெய்யில் போடலாமா" என்று என் மகள் ஊரிலிருந்த பாட்டிக்கே கடிதம் எழுதினாள். சுட்ட கோதுமை உருண்டைதான் பாட்டி. கையால் உடைத்து, நெய் ஊற்றி, பருப்பில் ஊறவிட்டுச் சாப்பிட வேண்டும். காலையில் என்றால் 'ஹாத்தி போல்' என்ற பழைய நகர வாசல் பக்கம் சுடச்சுட கச்சோரி.

கேள்வி: ஏரி நடுவே ஒரு மேடையைக் காட்டி, நடனக்காரியின் சாபம் என்று படகோட்டி ஏதோ சொன்னார். ஹிந்தி புரியவில்லை. என்ன கதை? (புதுச்சேரி வாசகி)

நட்னி மேடை. நட்னி என்றால் கழைக்கூத்தாடிப் பெண். மகாராணா ஜவான் சிங் ஒருநாள் போதையில், "கயிற்றில் நடந்து ஏரியைத் தாண்டினால் பாதி ராஜ்யம் உனக்கு" என்று சொல்லிவிட்டாராம். அவள் தாண்டப் போகிற கடைசி நேரத்தில் அரண்மனை ஆட்கள் கயிற்றை அறுத்துவிட்டார்கள். மூழ்கும்போது, "உன் வம்சம் விளங்காது" என்று சபித்தாளாம்.

கதை நடந்ததோ இல்லையோ, ஜவான் சிங்குக்குப் பின்னால் வரிசையாக வந்த ஐந்து ராணாக்களும் தத்துப்பிள்ளைகள். சர்தார் சிங், ஸ்வரூப் சிங், ஷம்பு சிங், சஜ்ஜன் சிங், ஃபதே சிங். எங்கள் வீட்டில் வேலை செய்த அம்மாள் இந்தப் பெயர்களை விரல் மடக்கிச் சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பாள், மறுத்துப் பேசு பார்ப்போம் என்கிற மாதிரி.

கேள்வி: மலைமேல் இருக்கும் மழைக்கால அரண்மனை பார்க்கத் தகுந்ததா? (சேலம் வாசகர்)

அரண்மனைக்காக என்றால் வேண்டாம், உள்ளே ஒன்றுமில்லை. சஜ்ஜன் சிங் மலை உச்சியில் பல மாடி எழுப்பி மழை மேகம் வருவதைப் பார்க்க நினைத்தார். 1884-இல், முப்பது வயதுக்குள்ளேயே, போய்ச் சேர்ந்துவிட்டார். திட்டம் சுருங்கிவிட்டது. ஆனால் அங்கே நின்றால் ஏரிகள் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும், எது எதில் விழுகிறது என்று கையால் கோடு போட்டுக் காட்டலாம். அஸ்தமனத்துக்கு ஊரே வரும், நான் சொல்வது மூன்று மணி. குரங்குகள் ஜாக்கிரதை. மூக்குக்கண்ணாடிக்குத்தான் முதல் குறி.

கேள்வி: நீங்கள் அங்கே ஏமாந்ததே இல்லையா? (வேலூர் வாசகி, சிரிப்புப் படத்தோடு)

ஏமாறாமல்? போன முதல் மாதம். ஆட்டோக்காரர் "என் அண்ணன் கடை" என்று ஒரு சந்துக்குள் கொண்டுபோனார். பழுப்பேறிய காகிதம், பக்கத்தில் உருது எழுத்தும் பழைய முத்திரையும். மேலே யானை ஊர்வலம் வரைந்திருந்தது. "நூற்றைம்பது வருஷத்துச் சித்திரம், அணில் முடித் தூரிகை." கணவரின் அரை மாதச் சம்பளம். வீட்டுக்கு வந்து மாட்டிய அன்று பக்கத்து வீட்டு மாமி பார்த்துவிட்டு, "இதே யானை ஜக்தீஷ் சௌக்கில் அஞ்சு தொங்குதே" என்றார். காகிதம் நிஜமாகவே பழசுதான், பழைய முத்திரைத் தாள். ஓவியம் போன வாரத்தது.

அதனால் ஓவியர்கள் கேவலம் என்று நினைக்காதீர்கள். உட்கார்ந்து கண் முன்னால் வரைகிறவரிடம், இன்றைய வேலை என்று தெரிந்தே வாங்குங்கள். அந்த யானை இன்னும் எங்கள் கூடத்தில்தான் இருக்கிறது. அரை மாதச் சம்பளத்தை எடுத்துக் குப்பையிலா போடுவது?

கேள்வி: எல்லோரும் போகாத இடம் ஏதாவது? (நாகர்கோவில் வாசகர்)

ஆயட் ஆற்றங்கரையில் ராணாக்களின் நினைவு மண்டபங்கள், வெள்ளைக் குடைகள் காடு மாதிரி. காலை வெயிலில் நீங்களும் புறாக்களும் மட்டும்தான் இருப்பீர்கள். பக்கத்திலேயே செம்புக் காலத்து மக்கள் வாழ்ந்த மண்மேடு தோண்டியிருக்கிறார்கள்.

இன்னொன்று, தெற்கே ஜாவர். அங்கே பல நூற்றாண்டுகளுக்கு முன்பே துத்தநாகம் காய்ச்சி எடுத்தார்கள். துத்தநாகம் சூட்டில் ஆவியாகிப் பறந்துவிடும், அதைப் பிடிக்க கத்தரிக்காய் வடிவத்தில் மண் குடுவைகள் செய்தார்கள். ஒருமுறை உபயோகித்த குடுவையைத் திரும்ப உபயோகிக்க முடியாது. அந்தக் குடுவைகளையே செங்கல் மாதிரி அடுக்கி வீட்டுச் சுவர் கட்டியிருக்கிறார்கள். இது என் கணவர் சிபாரிசு. அவருக்கு அரண்மனையே தேவையில்லை.

கேள்வி: எனக்கு வேலை விஷயமாக ஒரே ஒரு சாயங்காலம்தான் கிடைக்கும். தனியாகப் போகிற பெண். எங்கே போகட்டும்? (ஓசூர் வாசகி)

பலரும் பாகோர் ஹவேலியில் ஏழு மணி நடன நிகழ்ச்சிக்குப் போகச் சொல்வார்கள். தலையில் பானை மேல் பானையாக அடுக்கி ஆடுகிற பவாய் உண்டு. நல்ல நிகழ்ச்சிதான், போகலாம். ஆனால் நான் உன்னை ஃபதே சாகர் பாலுக்கு அனுப்புவேன். பால் என்றால் அந்த ஊரில் ஏரிக்கரை. 'ஃபதே சாகர் கீ பால்' என்றால் எந்த ஆட்டோவும் போகும். பழைய கரை உடைந்துபோய், 1880-களின் கடைசியில் ஃபதே சிங் திரும்பக் கட்டியது. சாயங்காலமானால் குடும்பம் குடும்பமாக, கல்லூரிப் பெண்கள் கூட்டம் கூட்டமாக நடப்பார்கள். தனியாக நடக்கிற பெண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆடி மாத வாக்கில் ஹரியாலி அமாவாசைத் திருவிழாவில் இரண்டாம் நாள் பெண்களுக்கு மட்டும். அன்றைக்கு இந்தப் பக்கம் முழுக்க எங்கள் ராஜ்யம்.

என் அப்பா ஒரே ஒரு முறைதான் அங்கே வந்தார், ஒரு செப்டம்பரில். நகர அரண்மனையைச் சுற்றிக் காட்டினேன். "பராமரிக்கவே தனிச் செலவு ஆகும்" என்றார், அவ்வளவுதான். படகில் ஏற்றினேன், தூங்கிவிட்டார். மறுநாள் ஸ்வரூப் சாகர் நிரம்பிக் கதவு திறக்கிறார்கள் என்று செய்தி வந்தது. கூட்டிப் போனேன். ஊரே திரண்டு நின்றது. தண்ணீர் பாய்ந்து இறங்குகிற சத்தம் கேட்டதும் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டத்தை விலக்கிப் போய்விட்டார்.

தேடிப் பிடிக்க அரை மணி ஆயிற்று. கதவு இயக்குகிற காவலாளியின் பக்கத்தில் நின்றிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு ஹிந்தி தெரியாது. அப்பா கையால் கதவின் உயரத்தைக் காட்டி ஏதோ கேட்க, அவர் மூன்று விரலைக் காட்டினார். அப்பா தலையை ஆட்டி இரண்டு விரலைக் காட்டினார். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, உள்ளே போய்ச் சக்கரத்தை இறக்கினாரோ, சும்மா போக்குக் காட்டினாரோ, தெரியவில்லை. திரும்பி வந்து இருவரும் ஒரே பீடியை மாற்றி மாற்றிப் புகைத்தார்கள். நான் நிற்பது தெரிந்ததும் அப்பா அதைக் காவலாளி கையில் திணித்துவிட்டு, "கரை நல்லாத்தான் போட்டிருக்கான்" என்றார்.